எலும்புல பரவுன கேன்சர்: அசையாம படுத்துதான் கிடக்கணுமா?

ரிப்போர்ட்ல "எலும்புக்குப் பரவியிருக்கு"ன்னு ஒரு வரி வந்துட்டா போதும், நம்ம கடலூர் பக்கம் அன்னிக்கே ஹால்ல கட்டில் போட்டுருவாங்க. ஃபேனுக்கு நேரா, டிவி தெரியற மாதிரி. அப்புறம் பாக்க வர்றவங்க எல்லாம் ஆப்பிள் கவரும் கையுமா வந்து "எழுந்துக்காத எழுந்துக்காத, படு, எலும்பு உடைஞ்சிடப் போவுது"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. பாசத்துலதான் சொல்றாங்க. நான் பிசியோதெரபிஸ்ட், கடலூர்லயும் பாண்டியிலயும் வீட்டுக்கே போய் பேஷண்ட்டுங்கள பாக்கறவன், இந்த மாதிரி வீட்டுக்குள்ள கால் வெச்ச உடனே கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "சார், நடக்கலாமா கூடாதா?"

இதுக்கு ஆமா இல்லன்னு ஒரே வார்த்தையில பதில் கிடையாது. எந்த எலும்பு, அது எவ்ளோ வீக்கா இருக்கு, நீங்க செய்யற வேலையில அது மேல எந்த மாதிரி பாரம் விழுது, இந்த மூணும் தெரிஞ்சாதான் பதிலே சொல்ல முடியும். முதுகெலும்புல இருக்கறவரு செய்யக்கூடாத வேலை வேற, தொடை எலும்புல இருக்கறவரு செய்யக்கூடாத வேலை வேற. ரெண்டு பேருக்கும் சேர்த்து "படுங்க"ன்னு சொல்லிட்டா சொன்னவங்களுக்கு நிம்மதி, ஆனா படுத்தே கிடக்கறதும் சும்மா போவாது, அதுவும் தன் பங்குக்கு உடம்ப எடுத்துரும்.

எலும்புக்குள்ள என்னதான் நடக்குது

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துருவோம். மார்புல வந்த கேன்சர் எலும்புக்குப் போனா அது "போன் கேன்சர்" ஆயிடாது, எலும்புல போய் உக்காந்திருக்கற மார்பு கேன்சர்தான், வைத்தியமும் அதுக்குத்தான் பாப்பாங்க. எலும்புலயே பொறக்கற கேன்சர் தனி, அது அபூர்வம். எலும்புக்கு அதிகமா பரவறது மார்பகம், ப்ராஸ்டேட், நுரையீரல், கிட்னி, தைராய்டு இதுல இருந்து. மல்டிபிள் மைலோமான்னு ஒண்ணு இருக்கு, அது வேற எங்கயோ இருந்து வர்றதில்ல, மஜ்ஜையிலயே ஆரம்பிக்கறது, ஆனா எலும்ப அரிக்கறதுல அதுவும் சளைச்சதில்ல, அதனால இங்க எழுதறதுல முக்கால்வாசி அவங்களுக்கும் பொருந்தும்.

எல்லா எலும்புக்கும் ஒரே மாதிரி போறதில்ல. ரத்தம் ஊர்ற செவப்பு மஜ்ஜை எங்க இருக்கோ அங்கதான் அதிகம், அதாவது முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டையோடு, தொடை எலும்போட மேல்பக்கம், மேல்கையில தோளுக்குக் கிட்ட. முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழ வர்றது கம்மி.

எலும்ப நாம ஏதோ காஞ்ச கட்டைன்னு நினைக்கறோம், ஆனா அதுக்குள்ள எப்பவும் வேலை நடந்துக்கிட்டே இருக்கு. பழசை அரிச்சு எடுக்க ஒரு வகை செல், ஆஸ்டியோகிளாஸ்ட்டுன்னு பேரு, புதுசா கட்டறதுக்கு இன்னொரு வகை, ஆஸ்டியோபிளாஸ்ட். கேன்சர் செல் உள்ள வந்ததும் இந்த ரெண்டு பேருக்கும் இருக்கற கணக்கு வழக்க கெடுத்துடுது. கிட்னி, தைராய்டு, மைலோமா இதுலல்லாம் பெரும்பாலும் அரிக்கறது மட்டும் ஜாஸ்தி ஆகும், வெளிய பாத்தா எலும்பு முழுசா இருக்கும், உள்ள கரையான் தின்ன உத்தரம் மாதிரி இருக்கும். ரிப்போர்ட்ல இத "லைட்டிக்"னு போடுவாங்க. ப்ராஸ்டேட்ல பெரும்பாலும் நேர்மாறு, தாறுமாறா புது எலும்ப கட்டிக்கிட்டே போவும், எக்ஸ்ரேல வெள்ளையா பளிச்சுனு தெரியும், அது "பிளாஸ்டிக்" (blastic, நாம சொல்ற பிளாஸ்டிக் இல்ல) அல்லது "ஸ்கிளிரோட்டிக்". வெள்ளையா இருக்குன்னா ஸ்ட்ராங்கா இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க, அது ஒழுங்கில்லாம கட்டுன எலும்பு, அதுவும் உடையும், லைட்டிக் அளவுக்கு சீக்கிரமா உடையாதுங்கறதுதான் வித்தியாசம். மார்பகத்துல ரெண்டும் கலந்து வரும்.

படுத்தே இருந்தா என்ன ஆவும்

நல்லா இருக்கற ஆள ஒரு வாரம் கட்டில்ல போட்டாலே தொடை சதை இளைச்சுப் போவும். கேன்சர் ஆளுக்கு சாப்பாடு இறங்கல, கீமோ வேற, கூடவே டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை போயிக்கிட்டிருந்தா அது குறிப்பா தொடையையும் இடுப்ப சுத்தி இருக்கற சதையையும்தான் தின்னும். அப்புறம் சேர்ல இருந்து எழுந்துக்க கை ஊனாம முடியாது. இப்ப யோசிச்சுப் பாருங்க, எலும்பு உடைஞ்சிடும்னு பயந்து பத்து நாள் படுக்க வெச்சிருக்கோம், பதினோராவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு யாரையும் எழுப்ப வேணாம்னு அவரே பாத்ரூமுக்கு எழுந்து போறாரு, கால்ல தெம்பு இல்ல, ஈரத் தரை, விழுந்துட்டாரு. உடைஞ்சது நடந்ததால இல்ல, நடக்காம விட்டதால.

இது ஒண்ணு மட்டும் இல்ல. அசையாம கெடந்தா கால்ல ரத்தக்கட்டி வரும், கேன்சர் உள்ளவங்களுக்கு ஏற்கனவே அந்த ரிஸ்க் ஜாஸ்தி, அது நுரையீரலுக்கு ஏறுனா உயிருக்கே ஆபத்து. மார்ஃபின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு மலச்சிக்கல் பெரிய கொடுமை, படுத்துட்டா அது ரெண்டு மடங்கு. சளி வெளிய வராது. படுக்கைப் புண் வரும். இன்னொண்ணு வெளிய தெரியறதில்ல: எலும்பு மேல பாரமே விழலன்னா அது தன்கிட்ட இருக்கற கால்சியத்த ரத்தத்துல விட ஆரம்பிக்கும், ஏற்கனவே கேன்சர் அரிச்சு கால்சியம் வழிஞ்சுக்கிட்டிருக்கற ஆளுக்கு இது எரியற கொள்ளியில எண்ணெய்.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் பேசுது. ஆஸ்திரேலியாவுல பெர்த் ஊர்ல ப்ராஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் பரவுன 57 பேர வெச்சு ஒரு ட்ரையல் பண்ணாங்க, 2018ல வெளிய வந்துச்சு. அதுல ஐடியா ரொம்ப சிம்பிள், கேன்சர் எந்த எலும்புல இருக்கோ அது மேல பாரம் விழாத மாதிரி ஆளுக்கு ஏத்தபடி பயிற்சிய மாத்திக் குடுத்தாங்க, இடுப்புல இருந்தா கைக்கு, தோள்ல இருந்தா காலுக்கு, இப்படி. மூணு மாசத்துல, அவங்களே சொன்ன கணக்குப்படி, பயிற்சி பண்ணவங்களோட உடல் செயல்பாடு பண்ணாதவங்களவிட நல்லா இருந்துச்சு. 2024ல ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து, மார்பக கேன்சர் பரவுன 357 பேர வெச்சு ஒம்பது மாச ட்ரையல் ஒண்ணு, அதுல பாதிக்கு மேல எலும்புல பரவுனவங்க, அங்கயும் பயிற்சி பண்ணவங்களுக்கு அசதி கம்மி, வாழ்க்கைத் தரம் மேல. 2022ல பல நாட்டு நிபுணருங்க கூடி எலும்புல பரவுனவங்களுக்குன்னே பயிற்சி பரிந்துரை போட்டாங்க, அதோட சாரம், எடுத்த எடுப்புல "வேணாம்"னு தள்ளாதீங்க, ஆள் ஆளா பாத்து முடிவு பண்ணுங்கங்கறதுதான்.

ரெண்டு விஷயத்த சேர்த்தே சொல்லிடணும். அந்த ட்ரையல்ல சேர்ந்தவங்க எல்லாம் ஸ்கேன் பாத்து வடிகட்டி, பக்கத்துல ஆள் நின்னு சொல்லிக் குடுத்து பண்ணவங்க, ஓரளவுக்கு தெம்பா இருந்தவங்க. யூட்யூப் பாத்து தானா பண்றதுக்கு அத சாட்சியா காட்டாதீங்க. அப்புறம் நடந்தா கேன்சர் கரைஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நடக்கறது நோய்க்கு மருந்து இல்ல, தானா எழுந்து பாத்ரூம் போறது, உக்காந்து சாப்பிடறது, பேரப்பிள்ளை கூட வாசல்ல உக்காந்திருக்கறது, இத இன்னும் கொஞ்ச நாளைக்கு கையில வெச்சிருக்கறதுக்குத்தான்.

டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர வேண்டியது

ஜிப்மர்லயோ வேற எங்கயோ ஓபியில அஞ்சு நிமிஷம் கிடைக்கறதே பெருசு, கூட்டம் அப்படி. அதனால வாய்க்கு வந்தத கேக்காம ஒரு துண்டு சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. எந்தெந்த எலும்புல இருக்கு? அதுல எது உடையற நிலைமையில இருக்கு? முதுகெலும்பு ஸ்டெடியா இருக்கா, பெல்ட் போடணுமா? இந்தக் கால் மேல முழு வெயிட் போடலாமா, பாதி போடலாமா, போடவே கூடாதா? கடைசி கேள்விக்கு எலும்பு டாக்டர் ஒரு வரியில எழுதிக் குடுத்தாருன்னா என் வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

அவங்க எதை வெச்சு முடிவு பண்றாங்கன்னு தெரிஞ்சா பயம் கொஞ்சம் குறையும். கை கால் எலும்புக்கு மிரெல்ஸ் ஸ்கோர்னு ஒண்ணு, 1989ல இருந்து இருக்கு. எந்த இடம், எவ்ளோ வலி, லைட்டிக்கா பிளாஸ்டிக்கா, எலும்போட அகலத்துல எவ்ளோ பாகத்த தின்னிருக்கு, நாலுக்கும் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் மார்க், மொத்தம் 12. 9ம் அதுக்கு மேலயும் வந்தா உடையறதுக்கு முன்னாடியே உள்ள ராடு வெச்சு பலப்படுத்தறது நல்லதுன்னு சொல்வாங்க, 8 வந்தா ரெண்டுங்கெட்டான், டாக்டர் யோசிச்சு முடிவு பண்ணுவாரு. இதுல வலிக்குக் குடுக்கற மார்க்க கவனிங்க: சும்மா இருக்கும்போது லேசா வலிச்சா கம்மி மார்க், கால ஊனுனா வலிக்குது, தூக்குனா வலிக்குதுன்னா முழு மார்க். அதனாலதான் வீட்டுக்கு வந்ததும் நான் முதல்ல கேக்கறது "எங்க வலிக்குது"ன்னு இல்ல, "எது பண்ணும்போது வலிக்குது"ன்னு. முதுகெலும்புக்கு இதே மாதிரி தனியா ஒரு ஸ்கோர் இருக்கு, 18க்கு, 7ம் அதுக்கு மேலயும் வந்தா ஸ்பைன் சர்ஜன்கிட்ட காட்டச் சொல்வாங்க.

இங்க ஒரு விஷயத்த பேசியே ஆகணும், நம்ம ஊர்ல பாதி வீட்டுல இது நடக்குது. வாசல்லயே மகன் நிறுத்தி, "சார், அம்மாவுக்கு விஷயம் தெரியாது, வாதம்னு சொல்லி வெச்சிருக்கோம், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க"ன்னு கைய புடிச்சுக்குவாரு. அவர் நிலைமை புரியுது, சொல்லலாமா கூடாதான்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. ஆனா விளைவு என்னாவுதுன்னா, அம்மாவுக்கு வெறும் வாதம்னா அவங்க ஏன் குடத்த தூக்கக் கூடாது? மத்தியானம் எல்லாரும் வேலைக்குப் போனதும் எழுந்து பெருக்குவாங்க, மாவாட்டுவாங்க, மாடிப்படி ஏறி துணி காய வைப்பாங்க, அம்பது வருஷமா செஞ்ச வேலைய யாரு தடுக்கறது. அதனால நோய்ப் பேர சொல்ல மனசு வரலன்னாலும் இத மட்டும் சொல்லிடுங்க, "ம்மா, உன் முதுகுல இந்த எலும்பு ரொம்ப வீக்கா இருக்கு, குனிஞ்சு எதையும் தூக்கக்கூடாது, டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு." இது பொய்யும் இல்ல. எந்த எலும்ப காப்பாத்தணும்னு அந்த உடம்புக்குச் சொந்தக்காரங்களுக்குத் தெரியாம யாராலயும் அத காப்பாத்த முடியாது.

முதுகெலும்புல இருந்தா

முதுகெலும்புக்கு ஆவாதது குனியறது, திருகறது, பாரம் தூக்கறது. தனித்தனியாவே ஆவாது, மூணும் சேர்ந்தா ரொம்ப மோசம். குழாயடியில குடம் ரொம்பி நிக்குது, குனிஞ்சு எடுத்து அப்படியே இடுப்பத் திருப்பி இடுப்புல வெக்கறாங்க பாருங்க, அதுல மூணும் இருக்கு, ஒரு குடம் தண்ணி 12, 15 கிலோ வரும். தரையில உக்காந்து அருவாமணையில நறுக்கறது, குனிஞ்சு கோலம் போடறது, கோயில்ல விழுந்து கும்பிடறது, கட்டிலுக்கு அடியில இருக்கற பொட்டிய இழுக்கறது எல்லாம் இதே ரகம். திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போங்க, வேணாம்னு சொல்லல, நின்னபடி கைகூப்பி கும்பிடுங்க, பாடலீஸ்வரர் கோச்சுக்க மாட்டாரு. காய் நறுக்கறத மேடைக்கு மாத்துங்க. இண்டியன் டாய்லெட்னா மேல வெக்கற ஸ்டூலோ கமோடு சேரோ வாங்கிடுங்க, இது ஆடம்பரம் இல்ல. செவுத்துல ஒரு கைப்பிடி அடிச்சுடுங்க.

படுக்கையில இருந்து எழுந்துக்கறதுலதான் நிறைய பேருக்கு உயிர் போற வலி. நேரா மல்லாக்க படுத்திருந்து வயித்த எக்கி எழுந்துக்கப் பாப்பாங்க, இல்லன்னா ரெண்டு கையையும் நீட்டி "இழுடா"ன்னுவாங்க. ரெண்டும் வேணாம். முதல்ல ரெண்டு முழங்காலையும் மடக்குங்க. தோளும் இடுப்பும் முழங்காலும் ஒண்ணா, உடம்பு ஒரே கட்டையா உருளற மாதிரி பக்கவாட்டுல திரும்புங்க, நடுவுல இடுப்பு மட்டும் முறுக்கக்கூடாது. இப்ப ஒருக்களிச்சு கட்டில் ஓரத்துல படுத்திருக்கீங்க. கால் ரெண்டையும் கட்டிலுக்கு வெளிய தொங்க விடுங்க, கால் இறங்கற அதே நேரத்துல கீழ இருக்கற முழங்கையையும் மேல இருக்கற உள்ளங்கையையும் ஊனி உடம்ப மேல தள்ளுங்க, காலோட வெயிட்டே உங்கள பாதி தூக்கி விட்டுரும். உக்காந்ததும் உடனே நிக்காதீங்க, தலை சுத்துதான்னு பாத்துட்டு நிதானமா எழுந்துக்கோங்க. படுக்கும்போது இதையே திருப்பிப் பண்ணணும். தோள்லயோ மேல்கையிலயோ கூட இருக்குன்னா அந்தக் கைய ஊனாம வேற பக்கமா திரும்பணும், அத பிசியோ பாத்து சொல்லட்டும்.

தொடை, இடுப்பு, கை, விலா

தொடையிலயோ இடுப்பெலும்புலயோ இருந்தா ஒத்தக் கால்ல நிக்கறதும் அந்தக் கால ஊனிக்கிட்டு சடக்குன்னு திரும்பறதும்தான் எதிரி. ஒத்தக் கால்ல நாம எங்க நிக்கறோம்னு கேப்பீங்க, பேண்ட் போடும்போது நிக்கறோம், டவுன் பஸ் படியில ஏறும்போது நிக்கறோம், பைக்ல கால தூக்கிப் போடும்போது நிக்கறோம். லுங்கியோ நைட்டியோ எதுவா இருந்தாலும் உக்காந்தே மாத்துங்க. ஸ்டிக் வெச்சா வலிக்கற காலுக்கு எதிர் கையில புடிக்கணும், நிறைய பேர் வலிக்கற பக்கத்துலயே புடிக்கறாங்க, அதுல பிரயோஜனம் கம்மி. படி ஏறும்போது நல்ல கால முதல்ல வைங்க, இறங்கும்போது வலிக்கற கால முதல்ல.

மேல்கையில இருந்தா வாளி தூக்கறது, கிரில் கேட்ட இழுக்கறது, கை ஊனி எழுந்துக்கறது பாத்துப் பண்ணணும். வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், தூக்கி உக்கார வெக்கறேன்னு அக்குள்ல கை குடுத்து இழுக்காதீங்க, இழுத்ததுலயே மேல்கை எலும்பு போயிடலாம். இடுப்புல அகலமா ஒரு பெல்ட் கட்டி அத புடிச்சு தாங்குங்க, அதுவும் முதுகுலயும் விலாவுலயும் பிரச்சினை இல்லன்னா. விலாவுல இருந்தா குப்புற படுக்க வேணாம், இருமல் வரும்போது ஒரு தலைகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமுங்க.

நல்லா ஞாபகம் வெச்சுக்க வேண்டியது இன்னொண்ணு, நீவி விடறது. எண்ணெய் காய்ச்சி நாலு சொட்டு மெல்லமா தடவறதுல தப்பில்ல. ஆனா சுளுக்கு எடுக்கறவர கூட்டிட்டு வந்து முதுக மிதிக்க விடறது, கழுத்த சொடக்கறது, அழுத்தி நீவறது, இதெல்லாம் கேன்சர் இருக்கற எலும்பு மேல பண்ணா உடையறதுக்கு நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி. வலி தாங்க முடியாம ராத்திரி அவர கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியும், கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, ஆனா தயவு பண்ணி வேணாம்.

சரி, அப்ப என்னதான் பண்ணலாம்

டாக்டர் கால் ஊனலாம்னு சொல்லிட்டாருன்னா நடங்க. அஞ்சு நிமிஷம் போதும், ஆனா ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியலன்னா பரவால்ல, ஒரு வாக்கியம் முழுசா பேச மூச்சு இல்லன்னா வேகம் ஜாஸ்தி. வாரத்துக்கு இத்தனை நிமிஷம், ஒரு நாளைக்கு பத்தாயிரம் ஸ்டெப்புன்னு வாட்ச்ல வர்றதெல்லாம் இவங்களுக்கு எழுதுனது இல்ல, அத கழட்டி வெச்சிடுங்க.

எங்க நடக்கறதுங்கறது சின்ன விஷயம் இல்ல. பாண்டியில இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க, பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணியில இருந்து காலையில 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, தரை சமமா இருக்கும், முடியலன்னா உக்கார இடம் இருக்கு. கடலூர் ஆளுங்க சில்வர் பீச் போனா காத்து வாங்குங்க, மணல்ல நடக்காதீங்க, மணல்ல கால் புதையும், பொரளும், முதுகுக்கும் இடுப்புக்கும் ஆவாது. நம்ம தெருவுங்கள்ல ரோட்ட வெட்டிப் போட்டிருக்கற பள்ளம் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம், நாய் துரத்துனா ஓடற நிலைமையில இவங்க இல்ல. எனக்கு தெரிஞ்சு ரொம்ப சேஃப்பான இடம் வீட்டு ஹால்தான். கால்மிதிய எடுத்துடுங்க, சார்ஜர் ஒயர ஓரமா ஒதுக்குங்க, ராத்திரிக்கு ஒரு லைட்ட போட்டு வைங்க, பாத்ரூம் வாசல் ஈரமா இல்லாம பாத்துக்கோங்க. அக்னி நட்சத்திரத்துல வெளிய நடையே வேணாம், வேர்த்து தண்ணி வத்துனா ரத்தத்துல கால்சியம் இன்னும் ஏறும்.

நடையோட சேர்த்து ரெண்டு மூணு சின்னப் பயிற்சி. கை வெச்ச சேர செவுத்த ஒட்டிப் போட்டு, அதுல உக்காந்து எழுந்துக்கறது, முடிஞ்சா கை ஊனாம, முடியலன்னா ஊனிக்கிட்டே, அஞ்சு தடவை. சமையல் மேடைய புடிச்சுக்கிட்டு ரெண்டு குதிகாலையும் ஒண்ணா தூக்கி இறக்கறது. உக்காந்தபடி ரெண்டு தோள்பட்டையையும் பின்னாடி சேர்த்து புடிச்சு விடறது. சேர் பயிற்சியும் குதிகால் பயிற்சியும் தொடையில, இடுப்புல பிரச்சினை உள்ளவங்க கேக்காம ஆரம்பிக்கக் கூடாது. ஜிம்முல பண்ற சிட் அப், டெட்லிஃப்ட், குதிக்கறது, யோகாவுல பாதஹஸ்தாசனம் அர்த்த மத்ஸ்யேந்திராசனம் மாதிரி முழுசா குனியற, முறுக்கற ஆசனமெல்லாம் ஓரங்கட்டிடுங்க. மூச்சுப் பயிற்சி தாராளமா பண்ணலாம்.

வலி மாத்திரைய நேரம் பாத்துப் போடுங்க. உடனே வேலை செய்யற மார்ஃபின் மாத்திரைன்னா அரை மணி முக்கால் மணி கழிச்சு நல்லா புடிக்கும், நடை, குளியல் எல்லாத்தையும் அந்த நேரத்துக்கு வெச்சுக்கலாம். "மாத்திரை போட்டு வலிய மறைச்சிட்டு நடந்தா எலும்புக்கு ஆவாதே சார்"னு கேப்பாங்க. உடையற நிலைமையில இருக்கா இல்லயான்னு டாக்டர் ஏற்கனவே பாத்து சொல்லியிருந்தா அந்தப் பயம் வேணாம், வலியோட பல்ல கடிச்சுக்கிட்டு நடந்தா கோணலா நடப்பீங்க, அதுதான் விழ வைக்கும். நடந்து முடிச்ச அப்புறம் வந்த வலி கொஞ்ச நேரத்துல அடங்கிடணும், மறுநாள் வரைக்கும் இழுத்தா அடுத்த தடவை பாதியா குறைங்க. புதுசா ஒரு இடத்துல வலின்னா பயிற்சிய நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கரண்ட் வெச்சவங்களுக்கு, அதாவது ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு, ஒரு எச்சரிக்கை. எலும்பு வலிக்கு ஒரே தடவை 8 கிரேன்னு (கிரேங்கறது ரேடியேஷன் அளவு) குடுக்கறது உண்டு, குடுத்த ஓரிரு நாள் வலி ஏறக்கூட செய்யும், அப்புறம் வாரக் கணக்குல குறையும். வலி போயிடுச்சேன்னு மூட்டை தூக்கக் கெளம்பிடாதீங்க, வலி போறது சீக்கிரம், எலும்பு திரும்ப கெட்டியாவறது மாசக் கணக்கு. மாசா மாசமோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ போடற எலும்பு ஊசி, சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் இதெல்லாம் அரிக்கற செல்ல அடக்கறதுக்கு, அதுவும் மெல்லத்தான் வேலை செய்யும். அந்த ஊசி போடறதுக்கு முன்னாடி பல்ல காட்டிடுங்க, ஊசி ஓடும்போது பல்லு புடுங்குனா தாடை எலும்பு ஆறாம போற வாய்ப்பு இருக்கு.

கடலூர்ல இருந்து ஜிப்மருக்கு வர்றவங்க பஸ்ல கடைசி சீட்ல உக்காராதீங்க. ஸ்பீடு பிரேக்கர்ல பின் சக்கரத்துக்கு மேல உக்காந்தவங்க எகிறி விழறாங்க, முதுகெலும்புக்கு அது நேரா அடி. நடு சீட்டு கேட்டு வாங்குங்க, நோயாளின்னு சொன்னா யாரும் மாட்டேன்னு சொல்லப் போறதில்ல. டூ வீலர்ல ஒரு பக்கமா கால் போட்டு உக்கார வெச்சு கூட்டிட்டுப் போறத விட்டுடுங்க.

இது வந்தா ஓபி டோக்கனுக்கு காத்திருக்காதீங்க

முதுகுல புதுசா ஒரு வலி, படுத்தா, இருமுனா ஜாஸ்தியாவுது, நெஞ்ச சுத்தி வார் போட்டு இறுக்குன மாதிரி இருக்கு, கால் கனக்குது, மரத்துப் போவுது, நடை தள்ளாடுது, ஒண்ணுக்கு வரல இல்ல அடக்க முடியல. இதுல எது வந்தாலும் தண்டுவடம் நசுங்குதோன்னு சந்தேகப்படணும். இது மணிக் கணக்கு விவகாரம், நடை நிக்கறதுக்கு முன்னாடி வைத்தியம் ஆரம்பிச்சா திரும்ப நடக்க வாய்ப்பு நல்லா இருக்கு, கால் முழுசா விழுந்த அப்புறம் போனா பெரும்பாலும் அப்படியே நின்னுடும். திங்கட்கிழமை பாத்துக்கலாம்னு இருக்காம, 108 கூப்பிட்டு படுக்க வெச்ச மேனிக்கே எமர்ஜென்சிக்கு கொண்டு போங்க, நடத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க.

அடங்காத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, வாந்தி, மலச்சிக்கல், ஆளு பேத்தறாரு, தூங்கி வழியறாருன்னா கால்சியம் ஏறியிருக்கலாம், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், ட்ரிப்ஸும் ஊசியும் போட்டா பெரும்பாலும் இறங்கிடும். "கடைசி காலம் வந்துடுச்சு"ன்னு வீட்டுல எல்லாருக்கும் போன் போடறதுக்கு முன்னாடி அத பாத்துடுங்க. சடக்குன்னு ஒரு சத்தமோ திடீர் வலியோ வந்து கால ஊன முடியலன்னா அசைக்காம வெச்சு கூப்பிட்டுப் போங்க. ஒரு கால் மட்டும் வீங்குனா, திடீர்னு மூச்சு வாங்குனா அன்னிக்கே காட்டணும். கீமோ போட்டுட்டு பிளேட்லெட், ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கியிருந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ பயிற்சி கிடையாது.

எழுந்துக்கவே முடியாதவங்களுக்கு

நடக்கற கட்டத்த தாண்டிட்டவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு விட்டுடறாங்க. படுத்தபடியே பாதத்த மேல கீழ ஆட்டலாம், மணிக்கு ஒரு தடவை பத்துப் பத்து. தொடைய இறுக்கி அஞ்சு எண்ணி விடலாம், எலும்பு அசையாது, சதைக்கு வேலை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மேல சொன்ன மாதிரி கட்டையா உருட்டி, பக்கம் மாத்திப் படுக்க வைங்க. முதுகெலும்புக்கு டாக்டர் ஓகே சொன்னா சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுமாவது கால தொங்கப் போட்டு உக்கார வைங்க, பின்னாடி ஒரு ஆள் தாங்கிக்கட்டும், உக்காந்து சாப்பிட்டா புரையேறறது குறையும், நெஞ்சும் கொஞ்சம் விரியும். ஜெயில்ல போட்ட மாதிரி டைம்டேபிள் வேணாம். இன்னிக்கு முடியலன்னு அவங்க சொன்னா முடியலதான், நாளைக்கு காலையில மாத்திரை போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க.